அரமும் அச்சும்

கராஜில் இருந்த வேலை மேசைமேல் பழைய துண்டு ஒன்றை விரித்து, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு ரிவால்வர்களை அருகருகே வைத்தார். இரண்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29. இரண்டும் .44 மேக்னம் தோட்டா போடுபவை. இரண்டுக்கும் ஆறரை அங்குலக் குழல். ஒன்று அவர் 1974இல் வாங்கியது, மற்றது 2016இல். "எது நல்லதுன்னு பார்த்தவுடனே தெரியணும்" என்றார். எனக்குத் தெரியவில்லை.

என் மனைவியின் தம்பி அரிசோனாவில் சிப் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தபோது நடந்தது இது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டு தமிழில், "மாட்டிக்கிட்டீங்க மாமா. ஒரு மணி நேரம் பாடம் நடக்கும்" என்றான். பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "எங்க மாமா உலோக எஞ்சினியர்" என்று மச்சான் அவரிடம் பெருமையடித்து வைத்திருந்தான். அதனால்தான் எனக்கு இந்தப் பரீட்சை.

நான் பிறந்தது செந்தூல், முப்பது வருடமாகச் சிங்கப்பூர்க்காரன். எங்களுக்குத் துப்பாக்கி என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கும் ஒரு பொருள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு யார்மீதும் படாவிட்டாலும் மரண தண்டனை. என் மகன் தேசிய சேவையில் இருந்தபோது, சுட்டு முடித்தபின் காலித் தோட்டா உறைகளைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்வான். இங்கே ஒருவர் பிஸ்கட் டின்னில் தோட்டா வைத்திருக்கிறார். மேசையைத் தொடவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

"எடுத்துப் பாரு, கடிக்காது" என்றார்.

எடுத்தேன். கனம். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பழையதன் நிறம் ஆழமான நீலம், சாய்த்துப் பிடித்தால் என் முகம் தெரிந்தது. புதியது கறுப்புக்கு நெருங்கிய நீலம். வித்தியாசத்தை ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். பழையதில், குழல் சட்டத்துக்குள் திருகப்பட்டிருக்கும் இடத்தில் குறுக்காக ஒரு சின்ன ஊசி அடித்திருக்கிறார்கள், குழல் தானாகத் திரும்பிவிடாமல் இருக்க. சிலிண்டரின் ஆறு அறைகளின் வாயும் கொஞ்சம் குடையப்பட்டிருக்கிறது. தோட்டாவின் விளிம்பு அதில் முழுதாக இறங்கி மறைந்துவிடும். புதியதில் இந்த இரண்டும் கிடையாது. 1982இல் நிறுத்திவிட்டார்கள். செலவு மிச்சம். தோட்டாவின் உலோகம் இப்போது உறுதியாக இருப்பதால் அந்தக் குடைவுக்கும் தேவையில்லை, திருகாணி மரை சரியாக இறுக்கப்பட்டால் ஊசிக்கும் தேவையில்லை என்பது கம்பெனிக்காரர்கள் பக்கத்து நியாயம். எனக்கு அந்த நியாயம் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

பழையதில் சுத்தியலின் மூக்கிலேயே ஊசி இருக்கிறது, அதுதான் போய்த் தோட்டாவைக் குத்தும். புதியதில் ஊசி சட்டத்துக்குள் போய்விட்டது, சுத்தியல் தட்டையாக வந்து அதைத் தட்டுகிறது. அப்புறம் அந்த ஓட்டை. இடது பக்கம், சிலிண்டரைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே, ஒரு மிளகு அளவில். சாவி போட்டுத் திருப்பினால் உள்ளே பூட்டிக்கொள்ளும், சுத்தியல் பக்கத்தில் ஒரு சிறு தகடு எழும்பி நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஓட்டையைக் காட்டியபோது, கோவில் சிலையில் மூக்கு உடைந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கிளிண்டன் அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. துப்பாக்கிகளுக்குள்ளேயே பூட்டு வைப்பதும் அதில் ஒரு நிபந்தனை. துப்பாக்கிப் பிரியர்கள் கொதித்துப்போய்க் கம்பெனியையே புறக்கணித்தார்கள். அப்போது அதன் உரிமையாளர் டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். 1987இல் பதினோரு கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியதை 2001இல் ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கத்துக்கும் கடன் பொறுப்புக்கும் தள்ளிவிட்டது. வாங்கியவர்கள் யார்? துப்பாக்கிப் பூட்டுச் செய்யும் ஒரு சிறு கம்பெனி. அவர்களுடைய பூட்டுத்தான் ரிவால்வர்களுக்குள் போனது. அதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'ஹிலரி ஓட்டை'. சுடும் அதிர்ச்சியில் பூட்டு தானாக விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அதெல்லாம் கட்டுக்கதை என்பவர்களும் உண்டு. "உனக்கு எப்பவாவது விழுந்திருக்கா?" என்று கேட்டேன். "இல்லை. ஆனா அது அங்கே இருக்கே" என்றார்.

இந்தத் துப்பாக்கியின் வரலாற்றை மச்சானுக்கு அவர் ஏற்கெனவே பத்துத் தடவை சொல்லியிருக்க வேண்டும், அவன் உள்ளே போய்விட்டான். எல்மர் கீத் என்ற பண்ணைக்காரர், வேட்டைக்காரர், எழுத்தாளர். பழைய .44 தோட்டாவில் அளவுக்கு மீறி மருந்து நிரப்பிப் பல ஆண்டுகள் சோதித்துக்கொண்டே இருந்தார், இதைக் கம்பெனிகள் செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் ரெமிங்டன் தோட்டாவையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியையும் செய்தன. தோட்டா உறையை ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீட்டினார்கள். பழைய வலுவற்ற துப்பாக்கிகளில் அது நுழையக் கூடாதல்லவா! 1955 கடைசியில் முதல் துப்பாக்கி வந்தது. 1957இல் அதற்கு 29 என்று எண் கிடைத்தது. வேட்டைக்காரர்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருந்ததை 1971இல் 'டர்ட்டி ஹாரி' படம் ஊருக்கெல்லாம் கொண்டுபோனது. கிளிண்ட் ஈஸ்ட்வுட் கையில் பார்த்துவிட்டு, அதுவரை துப்பாக்கியே தொடாதவனும் கடைக்கு ஓடினான். பக்கத்து வீட்டுக்காரரும் ஓடியவர்தான். விலைப்பட்டியலுக்கு மேல் கொடுத்து வாங்கியதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

மறுநாள் காலை பாலைவனத்தில் இருக்கும் சுடுதளத்துக்குப் போனோம். என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழையதில் மூன்று, புதியதில் மூன்று சுட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு கைகளும் நெற்றிக்கு நேராகப் போயின. உள்ளங்கையில் யாரோ பிரம்பால் அடித்தது போல் இருந்தது. நான் குறி வைத்த அட்டை இன்னும் அங்கே கன்னி கழியாமல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே என் கைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு அவர் மணல் மூட்டையில் கையை ஊன்றி, 25 கஜத்தில் இரண்டிலும் ஆறு ஆறு சுட்டார். அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினார். புதியதன் ஓட்டைகள் ஒரு டீ கோப்பையால் மூடிவிடலாம் என்கிற அளவுக்கு நெருக்கம். பழையதற்குச் சாசர் வேண்டும்.

"இன்னிக்குக் காத்து அடிக்குது" என்றார். காற்றே இல்லை.

திரும்பி வந்ததும் கராஜில் இரண்டையும் துடைக்கும்போது, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினார். "இதைப் பார்த்தாத்தான் உனக்குப் புரியும்" என்றார். புதியதன் சுத்தியலை வெளியே எடுத்து என் கையில் வைத்து, "குப்பை. பொடியைப் போட்டு அச்சுல அமுக்கின குப்பை" என்றார்.

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டத் தழும்பு. அச்சிலிருந்து தள்ளி எடுக்கும் ஊசியின் தடம். ஓரத்தில் பொருள் உள்ளே பாய்ந்த வாசலின் அடையாளம். என் வீட்டுப் பிள்ளையைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது.

இது மெட்டல் இஞ்செக்ஷன் மோல்டிங். சுருக்கமாக மிம் என்பார்கள். இருபத்தாறு வருடம் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் நான் செய்த வேலை இதுதான். துப்பாக்கிப் பாகம் செய்ததில்லை. பற்களுக்குக் கம்பி கட்டும் கொக்கி, கைக்கடிகார உறை, அறுவைச் சிகிச்சைக் கருவியின் தாடை, பூட்டின் நாக்கு, இந்த மாதிரி. முகப் பவுடரைவிட நைசான உலோகப் பொடியை மெழுகோடும் பிளாஸ்டிக்கோடும் பிசைந்து, முறுக்கு மாவை அச்சில் அழுத்துவதுபோல அச்சுக்குள் அழுத்துவோம். வெளியே வருவது சுடாத மண்பானை மாதிரி, நகம் பட்டால் உடையும். மெழுகை மெதுவாக வெளியேற்றி, 1300 டிகிரிக்கு மேல் சூளையில் வைத்தால் பொடி ஒன்றோடொன்று ஒட்டி இரும்பாகும். அப்போது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாக வெட்ட வேண்டும். சூளையில் ஒரு மூலை கொஞ்சம் சூடு கூடினால் ஒரு தட்டு முழுக்க வீண். குப்பை என்று சொல்வது எளிது. அந்தச் சுருக்கத்தை அடக்க எனக்கு முடி நரைத்தது.

நல்ல மிம் பாகத்தில் இரும்பின் அடர்த்தி கிட்டத்தட்ட முழுசாகவே வந்துவிடும். அடித்து உருவாக்கிய இரும்பு இதைவிட வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரிவால்வர் சுத்தியலுக்கு அவ்வளவு வலு தேவையில்லை. இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பழையதன் உள்ளே டார்ச் அடித்து, "இங்கே பாரு" என்றார்.

சிலிண்டருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரப் பல் இருக்கும். விசையை இழுக்கும்போது ஒரு சின்ன நெம்பு மேலே எழும்பி அந்தப் பல்லைத் தள்ளும், சிலிண்டர் ஓர் அறை நகரும். அந்த நெம்புக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'கை'. ஆறு பல். ஒவ்வொன்றின் முகத்திலும் நைசான கீறல்கள், எல்லாம் ஒரே சாய்வில். ஒரு பல்லில் நான்கு கீறல், அடுத்ததில் இரண்டே இரண்டு, இன்னொன்றில் நிறைய. அரத்தின் தடம். எனக்கு அது யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர். 1955இல் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, முதல் மூன்று மாதமும் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சரியான சதுரமாக்குவதுதான் வேலையாம். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கோணும். கங்காணி வந்து மட்டப்பலகையை வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் போவாராம். நீராவி எஞ்சினின் பேரிங்குக்கு நீல மையைத் தடவி, அச்சில் வைத்துச் சுற்றி, மை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் சுரண்டி, மறுபடி மை தடவி, மறுபடி சுற்றி... டீசல் எஞ்சின்கள் வந்த பிறகும் இதே வேலை வேறு உருவத்தில் இருந்தது என்பார். அந்தப் பேரிங் அந்த எஞ்சினுக்கு மட்டும்தான் பொருந்தும். அடுத்த எஞ்சினுக்கு மறுபடி முதலிலிருந்து.

1998 தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, எங்கள் தொழிற்சாலையில் செய்த பூட்டு நாக்கு ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஒரு சின்ன அரத்தை எடுத்து ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். அரம் வழுக்கியது.

"கெட்டியாத்தான் இருக்கு. யாருடா செஞ்சது?"

"மெஷின்தான்பா."

"ஒரு நாளைக்கு எத்தனை வரும்?"

"எட்டாயிரம்."

"எட்டாயிரமும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரிதான்பா. அதுதானே வேலையே."

"அப்ப நீ என்ன செய்யுற?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. சூளை, வெப்பம், சுருக்கம் என்று என்னவோ சொன்னேன். "ம்" என்று கேட்டுக்கொண்டு, பூட்டு நாக்கை முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். 2009இல் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் இந்தப் பேச்சு எடுக்கவே இல்லை. ஆனால் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், துவாஸ் பஸ்ஸில், சூளை முன்னால், இப்போது அரிசோனாவில்.

அன்றிரவு மச்சான் வீட்டில் தூக்கம் வராமல் இந்தக் கம்பெனியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2023இல் தலைமையகத்தை டென்னசி மாநிலத்துக்கு மாற்றினாலும் ரிவால்வர் வேலையை அங்கேயே வைத்துக்கொண்டது. அதே ஊரில்தான் 1794இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஆயுதச் சாலை தொடங்கியது. ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போட்டால் அப்படியே பொருந்த வேண்டும், அரம் பிடிப்பவனே தேவைப்படக் கூடாது என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க அங்கே போராடினார்கள். தாமஸ் பிளான்சார்டு என்பவர் துப்பாக்கிக் கட்டையைத் தானாகக் கடையும் இயந்திரத்தை அங்கேதான் ஓட்டினார். கார், தையல் மெஷின், கடிகாரம் என்று உலகத்துத் தொழிற்சாலை முறை வளர்ந்த வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அரத்தை ஒழிக்கக் கிளம்பிய ஊரிலேயே, நூற்றைம்பது வருடம் கழித்தும் யாரோ ஒருவர் ஆறு பல்லையும் அரத்தால் ராவிக்கொண்டிருந்திருக்கிறார். அதை ஒழித்ததில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. அரம் போய்விட்டதே என்றுதான் இப்போது பக்கத்து வீட்டுக்காரர் அழுகிறார்.

அவர் பழையது, பழையது என்று சொல்வதும் எவ்வளவு பழையது? முதலில் வந்த .44 மேக்னத்துக்கு ஐந்து திருகாணி, பிறகு நான்கு, 1961க்குப் பிறகு மூன்று. ஐந்து திருகாணித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மூன்று திருகாணிக்காரர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். 1965க்குப் பிறகு வேறு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனதால் தரம் இறங்கிவிட்டது என்று ஒரு பேச்சு அப்போதே இருந்தது. 1974இல் அவர் வாங்கிய துப்பாக்கியையும் அன்றைக்கு யாரோ ஒரு பெரியவர் 'குப்பை' என்று சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. ரசிகர்கள் யாரும் விரும்பிச் சொல்லாத விஷயம். எழுபதுகளின் கடைசியில் இரும்பு உருவங்களைத் தூரத்தில் வைத்துச் சுட்டு விழுத்தும் போட்டி பிரபலமானபோது, கனமான தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் சுட்டார்கள். பழைய மாடல் 29கள் அந்த அடியைத் தாங்கவில்லை. சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடியது. சுட்ட அதிர்ச்சியில் பூட்டு விட்டுப்போய்ப் பின்னால் சுழன்றது. எண்பதுகளின் இறுதியில்தான் நிறுத்து பள்ளங்களை நீட்டி, தாங்கும் பாகங்களைக் கெட்டிப்படுத்தி, இதைச் சரி செய்தார்கள். ஆக, அழகு குறையத் தொடங்கியதற்குப் பிறகுதான் அது வலுவானது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி அந்தக் கராஜுக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். பழைய துப்பாக்கியின் சிலிண்டரைக் காலியாக்கி என்னிடம் காட்டிவிட்டு, சுத்தியலைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். 'க்ளக்' என்று சிலிண்டர் பூட்டிக்கொண்டது. அடுத்த அறை, 'க்ளக்'. அப்படி ஐந்து. ஆறாவதில் சுத்தியல் முழுசாகப் பின்னால் வந்து நின்றது. சத்தம் வரவில்லை. விரலால் தொட்டதும்தான் சிலிண்டர் ஒரு நூல் நகர்ந்து பூட்டிக்கொண்டது.

"பல வருஷமா இப்படித்தான். நான்தான் கெடுத்தேன், இளவயசுல கன்னாபின்னான்னு மருந்து போட்டுச் சுட்டேன்" என்றார். அதற்காகத்தான் புதியதை வாங்கினாராம், பழையதற்கு ஓய்வு கொடுக்க. சாசர் அளவு ஓட்டைகளுக்கும் காரணம் அப்போது புரிந்தது.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு 'கை', வேண்டுமென்றே கொஞ்சம் தடிமனாகச் செய்யப்பட்டது. ராவிப் பொருத்த வேண்டும். இதைப் பொருத்தித் தந்துகொண்டிருந்தவர் பக்கத்து ஊரில் இருந்தார், செத்துப்போய்விட்டார். அதன் பின் நம்பி யாரிடமும் கொடுக்கவில்லை. புதியதில் இந்தத் தொல்லை வந்தால் வேறு ஒன்றை வாங்கிப் போட்டால் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று அவரே சொன்னார். அன்றைக்குக் 'குப்பை' என்ற வார்த்தை வரவில்லை.

"நீ உலோகக்காரன்தானே? அரம் பிடிப்பியா?"

பன்னிரண்டு வயதில், பள்ளி விடுமுறையில், அப்பா எனக்கும் ஓர் இரும்புத் துண்டு கொடுத்துச் சதுரமாக்கச் சொன்னார். நான்கு நாள் செய்தேன். ஐந்தாம் நாள் பந்து விளையாடப் போய்விட்டேன்.

"தெரியாது" என்றேன்.

உறையைத் திரும்ப இழுப்பறையில் போட்டார். புதியதன் சுத்தியலைப் பற்றி நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அப்போது சொன்னேன், பொடி, மெழுகு, சூளை, சுருக்கம் எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். "அவ்வளவு வேலை இருக்கா அதுல!" என்றார். அப்பாவின் "ம்" மாதிரி இல்லை, கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. எனக்கு அது போதும் போலவும் இருந்தது, போதாதது போலவும் இருந்தது.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். செந்தூலில் காலை.

"அம்மா, அப்பா அரமெல்லாம் எங்கே இருக்கு?"

"எதுப்பா, அந்தப் பெட்டியா? அது பழைய சாமான்காரன்கிட்டப் போட்டு எத்தனை வருஷமாச்சு. நீதானே தூக்கிப் போடுங்கன்னு சொன்ன."

"நானா?"

"வீடு பெயிண்ட் அடிச்சப்போ. ஏன், என்னாச்சு? அமெரிக்காவுல இருந்து இதையா கேக்குற?"

"சும்மாதான்மா. ஒன்னுகூட இல்லையா?"

"சின்னது ஒன்னு இருக்கு. தேங்கா துருவி மொட்டையாயிருச்சுன்னா அதுலதான் தேய்ப்பேன்."